பெஞ்சுக்கு விழுந்த அடி

இத்தாலியில ஒரு சந்தை. அந்த ஊர்ல பெஞ்சுக்குப் பேரு பாங்கா. ‘பேங்க்’குங்கிற பேரே அதுலேர்ந்து வந்ததுதான். அப்படி ஒரு பெஞ்சுல உக்காந்து வட்டிக்கடை நடத்துன முதலாளி திவாலாயிட்டாரு. திவாலானவரோட பெஞ்சை ஊரே கூடி உடைக்கிறது அங்க வழக்கம். சுத்தியல் வந்து நின்னதும் பெஞ்சு அதுகிட்ட கெஞ்சுச்சு.

“அண்ணே, தின்னு தீர்த்தது அவரு, அடி மட்டும் எனக்கா?”

“உடைக்கணும்னாங்கடா. எவ்வளவு உடைக்கணும்னு எவனும் சொல்லலையே!”

சுத்தியல் ஒரே ஒரு காலைத் தட்டிவிட்டுச்சு. பெஞ்சு சாஞ்சதும் கூட்டம் விசிலடிச்சுக் கலைஞ்சுது. பெஞ்சு அழுதுச்சு.

“ரொம்ப வலிக்குதாடா?”

“போன காலுக்கு அழலண்ணே. நீங்க விட்டுவெச்ச மூணு காலுக்குத்தான் அழுறேன்.”