வாளியில் ஊறிய கட்டை

மீன்தொட்டிக்குள் வைக்க, ஏரிக்கரையில் ஒதுங்கிக் கிடந்த கட்டை ஒன்றை எடுத்து வந்தேன். அப்படியே போட்டால் சாயம் இறங்கித் தண்ணீர் டீ மாதிரி ஆகிவிடும். முதலில் கொதிக்க வைக்க வேண்டும். பிறகு மிதக்காமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்து, தினமும் தண்ணீர் மாற்றி ஊறப்போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கொதிக்க வைத்தேன். புதன்கிழமை தண்ணீர் மாற்றும்போதும் கட்டை வெதுவெதுப்பாக இருந்தது. தொட்டியின் தெர்மாமீட்டரை அதன் பொந்தில் செருகினேன். முப்பத்தேழு டிகிரி காட்டியது. கருவியில்தான் கோளாறு என்று என் அக்குளில் வைத்துப் பார்த்தேன். அதே முப்பத்தேழு.

வெள்ளிக்கிழமை சாயம் நின்றுவிட்டது. சூடு நிற்கவில்லை.

அண்ணியிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் சும்மா இருக்கவில்லை. கட்டை எங்கே கிடைத்தது என்பதை மட்டும் மறைத்துவிட்டேன். அண்ணன் அந்த ஏரிக்குள் போய் ஏழு மாதமாகிறது. படகு மட்டும்தான் கிடைத்தது.

மத்தியானம் நான் குளியலறைக்குப் போனபோது, அண்ணி முழங்கை வரை வாளிக்குள் கைவிட்டபடி உட்கார்ந்திருந்தார்.

"எங்க எடுத்தீங்கன்னு நான் கேக்கல," என்றார். "கல்லை மட்டும் எடுத்துருங்க தம்பி. எவ்வளவு நாள்தான் தண்ணிக்குள்ளயே இருப்பாரு."

"அண்ணி, அது வெறும் கட்டை."

நான் கல்லை எடுத்தேன். கட்டை மெல்ல மேலே வந்தது. அண்ணன் தலை துவட்டும் துண்டை அண்ணி மடியில் விரித்து வைத்திருந்தார்.