பாரத்துக்கு நாலு பேர்

வெள்ளவத்தை ஒழுங்கையில் நின்ற காருக்கடியில் மிதுனாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. கோயிலுக்குப் போய்வந்த அவளுடைய அம்மா சரோஜினிதேவி, அர்ச்சனைத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

“எழும்படி! மாப்பிள்ளை வீட்டார் அஞ்சு மணிக்கு வருகினம். மூண்டு சம்பந்தம் உன்ர வாயால போச்சு. இது கிரீஸால போகப்போகுது.”

“பொறுங்கோம்மா. கராஜில புது ரப்பர் புஷ் போட்டவங்கள், காரைத் தூக்கிவைச்சுச் சில்லு அந்தரத்தில தொங்கேக்கயே இறுக்கிப்போட்டாங்கள், மடையங்கள். அதுதான் ரப்பர் முறுகுது. லூசாக்கி, வண்டியில பாரம் இருக்கேக்க இறுக்கவேணும்.”

“ஊரில நிக்கிற காரெல்லாம் உன்ர பொறுப்பே? கறுத்தக் கண்ணாடிக்குப் பின்னால நாலு பேரின்ர நிழல் தெரியுது, ஆர் அது?”

“பாரத்துக்கு இருத்தினனான்.”

பின் கண்ணாடி இறங்கியது. பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா தலையை நீட்டினார்.

“சம்பந்தி, நாங்கள் நாலு மணிக்கே வந்திட்டம். கார் கடகடவெண்டு ஒரே சத்தம். அதைக் கேட்ட உங்கட பிள்ளை எங்களை இறங்கவே விடேல்லை.”

தட்டு நழுவப் பார்த்தது. அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை ஜனா எட்டிப் பார்த்தான்.

“அன்ரி, எனக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு.”

காருக்கடியிலிருந்து மிதுனாவின் குரல் வந்தது.

“ஆடாம இருங்கோ! மற்றப் பக்கத்தையும் இறுக்கிப்போட்டு வந்து என்ர முடிவைச் சொல்லுறன்.”