எல்லாம் சரியான பதில்

சர்வதேச மகளிர் ரக்பி இறுதிப்போட்டி. மோதலில் தலையில் அடிபட்டவளை அணி மருத்துவர் தனியறைக்கு அழைத்து வந்து உட்கார வைத்தார்.

“இப்ப எந்தப் பாதி நடக்குது?”

“ரெண்டாவது, டாக்டர்.”

“கடைசியா பாயிண்ட் எடுத்தது யாரு?”

“நான்தான். மேட்ச்சே பாக்கலியா நீங்க?”

“போன ஆட்டம் ஜெயிச்சோமா?”

“ஜெயிக்காமலா ஃபைனலுக்கு வந்தோம்? அனுப்புங்க டாக்டர், இதுதான் என் கடைசி ஆட்டம்.”

எல்லாமே சரியான பதில். மருத்துவர் நிம்மதியாகத் தலையசைத்தார். அவள் வாசல்வரை ஓடித் திரும்பினாள்.

“எங்க அக்கா வெளிய பயந்துபோய் நிப்பா. எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிடுங்க.”

மருத்துவர் பாய்ந்து கதவைச் சாத்தினார்.

“மைதானத்துல என்னை அக்கான்னு கூப்பிடாதேன்னு நான்தான்டி சொன்னேன். அதுக்காக நிஜமாவே மறந்துட்டியா? உட்காரு, நீ ஆட வேணாம்.”

“ஏன் டாக்டர் அழறீங்க?” என்றாள் தங்கை.