பூவரசம் பிடி

ஆசாரியின் அப்பா காலத்து ரம்பம் ஒன்றுக்குப் பிடி உளுத்து உதிர்ந்துவிட்டது. தூக்கிப்போட மனசு வராமல், ஆசாரி ஒரு பூவரசந்துண்டை எடுத்து, உள்ளங்கைக்கு வாகாக இழைத்துப் புதுப் பிடி செய்தார்.

ரம்பம் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டது. அந்தத் துண்டை மரத்திலிருந்து அறுத்ததே அதுதான்.

"பழிவாங்கத்தான் வந்திருக்கான்," என்று பக்கத்திலிருந்த உளியிடம் முணுமுணுத்தது. "பாரு, பாதி வேலையில கழண்டுக்குவான்."

"பாவம், அவன் வாயே திறக்கலியே," என்றது உளி.

"அதுதான் எனக்குப் பயமே!"

ஆசாரி பிடியை மாட்டித் திருகாணிகளை முடுக்கினார்.

"எதுக்குடா இப்படி இறுக்கிப் பிடிக்கிறே?" என்றது ரம்பம்.

"நீங்க ஆடாம இருக்கத்தான், அண்ணே," என்றது பிடி.

அந்த 'அண்ணே'யைக் கேட்டதும் ரம்பத்துக்குச் சந்தேகம் இன்னும் ஒருபடி ஏறியது.

ஆசாரி பலகையை அறுக்கும்போதெல்லாம் ரம்பம் பிடியை விட்டு ஒதுங்கி ஒதுங்கி நெளிந்தது. கோடு ஒரு பக்கம் போக, வெட்டு ஒரு பக்கம் போனது. ஆசாரி பல்லுக்கு அரம் போட்டுப் பார்த்தார், திருகாணியை மறுபடி முடுக்கிப் பார்த்தார். சரிப்படவில்லை.

"பிடி அருமையா அமைஞ்சிருக்கு. தகடுதான் இனிமே தேறாது," என்று பிடியைக் கழற்றி வேறொரு ரம்பத்துக்கு மாட்டினார்.

சுவரில் ஆணியில் தொங்கிய பழைய ரம்பம் உளியைக் கூப்பிட்டது.

"பாத்தியா? கழண்டுக்குவான்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?"