முப்பத்தாறு மணி நேரம்

வருஷத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்கு வரும் காப்பி வியாபாரி, ஏழு கோப்பைகளையும் உறிஞ்சிப் பார்த்துவிட்டுக் கடைசிக் கோப்பைக்கே திரும்பினார்.

"பதினைஞ்சு வருஷமா வாங்குறேன். இப்படியொரு ருசி வந்ததே இல்லம்மா. என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க," என்றாள் தோட்டத்துச் சொந்தக்காரரின் மகள். மரத்துப்போன காலைக் கிள்ளியதுபோல, அந்தப் பாராட்டு அவளுக்கு உறைக்கவேயில்லை.

"மறைக்காதீங்க. தோலுரிச்ச கொட்டை புளிக்கிறதுக்குத் தொட்டியில எவ்வளவு நேரம் ஊறுச்சு?"

"முப்பத்தாறு மணி நேரம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பதினெட்டைத் தாண்டினா உங்கப்பா ஊரையே ரெண்டாக்கிடுவாரே. எப்படிச் சம்மதிச்சார்?"

"அவரைக் கேக்கலை."

"கேக்காததே நல்லதாப் போச்சு. அடுத்த வருஷமும் அச்சு அசலா இதையே செய்யுங்க. மொத்தத்தையும் நானே எடுத்துக்கிறேன்."

"முடியாதுங்க," என்றாள், யார் வீட்டிலோ நடந்ததைச் சொல்வதுபோல. "ஊறப்போட்ட அன்னிக்குச் சாயங்காலம் அப்பாவுக்கு மாரடைப்பு. எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மறுநாள் அடக்கம் முடிஞ்சு வீடு திரும்புற வரைக்கும் தொட்டி ஞாபகம் யாருக்கும் வரல."

வியாபாரி கடைசிக் கோப்பையை மற்ற ஆறோடு நகர்த்தி வைத்தார்.

"அடுத்த வருஷம் பதினெட்டு மணி நேரத்துல எடுத்துடுவோம்," என்றாள் அவள். "அவர் சொன்னபடி."