துரை வழியாக

துரை வயிற்றை எக்க ஆரம்பித்ததுமே தையல்காரம்மா கத்தரியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பயனில்லை. வெட்டி வைத்திருந்த கால்சட்டைத் துணியின் மேலேயே எல்லாம் வந்து விழுந்தது. தின்ற தீனி தின்றபடியே, கொஞ்சம்கூடச் செரிக்காமல்.

"ஐயோ, என் ராசா!" என்று அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். துணி போனால் போகட்டும்.

இந்த வாரத்தில் இது எத்தனையாவது தடவை என்று அவளுக்கு நினைவில்லை. வயதான பூனை. மனிதக் கணக்கில் பார்த்தால் அவளுக்கே அண்ணன் முறை ஆக வேண்டும். முதலில் முடி சிக்கியிருக்கும் என்று விட்டுவிட்டாள். அப்புறம் தீனியை மாற்றிப் பார்த்தாள். எதற்கும் நிற்கவில்லை.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் கணவர் சத்தம் கேட்டு வந்தார். லிஃப்ட் மெக்கானிக். எத்தனை மாடி உயரத்தில் தொங்கினாலும் கை நடுங்காத ஆள். துரையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"டேய் துரை, டாக்டர்கிட்ட போலாம்னு உங்க அம்மாகிட்ட சொல்லு."

"வண்டியை எடுக்கச் சொல்லுடா உங்க அப்பாவை," என்றாள் அவள், துரையின் முதுகைத் தடவிக்கொண்டே.

இந்த வீட்டில் பேச்சு இப்படித்தான். போன வருடம் ஒரு சண்டை. என்ன சண்டை என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அன்றிலிருந்து கணவனும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ரோஷத்தில் ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் இல்லையே! கேஸ் தீர்ந்தது, மகள் போன் செய்தது, மாப்பிள்ளை வேலை மாறியது, எல்லாம் துரை வழியாகத்தான் போய்ச் சேரும். துரை பாட்டுக்குக் காலை நக்கிக்கொண்டிருப்பான். சேதி போய்விடும்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து, துரை கிடந்த கூடையை மடியில் வைத்துக்கொண்டு, மூடியை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். துரைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? அந்தப் பயத்துக்குப் பின்னால் இன்னொரு பயமும் இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

துரை போய்விட்டால் இந்த மனுஷனோடு எப்படிப் பேசுவது?

டாக்டரம்மா அவசரப்படவில்லை. வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார். ஈறைப் பார்த்தார். துரையைத் தூக்கித் தராசில் வைத்தார். போன தடவை எடுத்த எடையையும் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"வாந்தி எடுக்கிற பூனை இளைச்சுல்ல போகணும்? இவனுக்கு எடை ஏறியிருக்கே!"

வயதான பூனை அடிக்கடி கக்கினால் சும்மா விட்டுவிடக் கூடாது என்று சொல்லி, சிறுநீரகம், தைராய்டு எல்லாம் பார்க்க ரத்தம் எடுத்துக்கொண்டார். சாப்பிட்ட உடனே வருகிறதா, நேரம் கழித்து வருகிறதா, ரத்தம் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், காலையில் என்ன கொடுக்கிறீர்கள் என்றார்.

"எழுந்ததும் ஒரு கிண்ணம் வைப்பேன் டாக்டர். அவ்வளவுதான். மதியம் வரைக்கும் வேற ஒண்ணும் கிடையாது," என்றாள் தையல்காரம்மா.

சுவரைப் பார்த்து நின்றிருந்த கணவர் தொண்டையைச் செருமினார்.

"நானும் ஒரு கிண்ணம் வைப்பேன் டாக்டர். இவ குளிக்கப் போனதும் காலைச் சுத்திச் சுத்தி வந்து அழுவான். பாவம், பட்டினின்னு நெனைச்சேன்."

டாக்டரம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"முதல் கிண்ணம் இறங்குறதுக்குள்ள ரெண்டாவது கிண்ணம். அதுவும் அவசர அவசரமா. இந்த வயசுல வயிறு தாங்குமா? இனிமே யாராவது ஒருத்தர் மட்டும் வைங்க. கொஞ்சம் கொஞ்சமா வைங்க."

தையல்காரம்மா துரையைப் பார்த்தாள். துரை வேறெங்கோ பார்த்தான். வீட்டின் எல்லாச் சேதியையும் சுமந்தவன், தனக்குச் சாப்பாடு ஆகிவிட்டது என்ற ஒரு சேதியை மட்டும் அமுக்கிக்கொண்டிருக்கிறான். திருட்டுப் பயல்!

திரும்பும்போது சிக்னலில் வண்டி நின்றது.

"சாப்பாடு வச்சாச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவ?" என்றார் அவர், நேராகச் சாலையைப் பார்த்தபடி.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நீங்க சொன்னீங்களா? நான் குளிக்கப் போற நேரமா பாத்துல்ல வச்சிருக்கீங்க!"

"அழறவனைப் பாத்துக்கிட்டு கல்லு மாதிரி நிக்கச் சொல்றியா?"

"அது அழுகையா? நடிப்பு! இத்தனை வருஷமாச்சு, இன்னும் அவனைத் தெரியலையே உங்களுக்கு!"

பச்சை விழுந்திருந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். பக்கத்து வண்டிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். கணவர் வண்டியை நகர்த்திவிட்டு, பதில் சொல்லத் தலையைப் பின்னால் திருப்பினார்.

"மொதல்ல ரோட்டைப் பாத்து ஓட்டுங்க!"

"எல்லாம் எனக்குத் தெரியும், நீ சும்மா வா!"

தெருமுனையில் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ரத்தச் சோதனை முடிவு வரும்வரை இங்கேயே கண்ணில் படும்படி இருக்கட்டும் என்று, டாக்டரம்மா துரையைச் சாயங்காலம் வரை தன்னிடமே வைத்துக்கொண்டுவிட்டார். அவள் மடியில் இருந்தது வெறும் கூடை.

நடுவில் துரை இல்லாமலே பேசுகிறோம் என்பதை அவர் இன்னும் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே வந்தார்.

அவள் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போன வருடத்துச் சண்டையை எடுத்தாள்.