எந்தப் பூனை?

பூனை பாய்ந்த பாய்ச்சலில் பல்லியின் வால் அறுந்து தரையில் விழுந்து துள்ளியது. பல்லி எப்படியோ தப்பிச் சுவரில் ஒரு முழம் ஏறி நின்றுகொண்டது. பூனை முகத்தைச் சுளித்துக்கொண்டு அப்பால் போனது.

கீழே ஒரு கட்டெறும்பு வந்து, "அண்ணே, உங்க வால் போயிடுச்சே," என்றது.

"எனக்கு எப்படா வால் இருந்துச்சு?"

"இந்தா, இன்னும் துள்ளுதே."

"சரி, இருந்துச்சுன்னே வச்சுக்க. நானாத்தான் கழற்றிப் போட்டேன். ஒரே கனம்."

"உடம்பெல்லாம் நடுங்குதேண்ணே."

"நடுங்குறது நான் இல்ல, இந்தச் சுவரு. பயந்தாங்கொள்ளிச் சுவரு."

அதற்குள் பூனை திரும்பிவிட்டது. "அண்ணே, பூனை வருது. இந்தத் தடவை விட்டுட்டு ஓட உங்ககிட்ட வால்கூட இல்ல. கூரைக்கு ஏறிடுங்க," என்று எறும்பு கெஞ்சியது.

பல்லியின் கால்கள் ஓடத்தான் துடித்தன. ஆனால் இப்போது ஓடினால், சற்றுமுன் நடந்ததெல்லாம் நிஜம் என்று ஆகிவிடுமே. கழுத்தை நிமிர்த்திக்கொண்டது.

"எந்தப் பூனை? அப்படி ஒரு பிராணியே உலகத்துல கிடையாது."

பூனை ஒரே தாவு தாவியது. சுவர் காலியானது.

மிச்சத்தை நம்பினால் நம்புங்கள். சாப்பிட்ட களைப்பில் பூனை பெரிதாகக் கொட்டாவி விட்டது. எறும்பு ஓடிப்போய் அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்து, "அண்ணே, போயிட்டீங்களே," என்று அழுதது.

"எதுக்குடா அழுகிற?" என்று வயிற்றுக்குள்ளிருந்து ஓர் அதட்டல் வந்தது. "அந்தச் சுவருல ஒரே வெயில். அதான் வீடு மாத்திட்டேன்."